பின்பக்கம் தேய்ந்த பற்கள்

பற்கள் தவறான பக்கத்தில் தேய்ந்திருந்தன.

ஆந்தை அதை முதலில் விரலால்தான் கண்டுபிடித்தார். காருக்காக வாங்கிவந்த பின் ஆக்சிலின் நடுவயிற்று மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பெரிய பல்சக்கரத்தை மண்ணெண்ணெய்த் துணியால் பல் பல்லாகத் துடைத்துக்கொண்டு வந்தபோது, வழுக்கக் கூடாத இடத்தில் கட்டைவிரல் வழுக்கியது. நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு குனிந்தார். வண்டி முன்னால் போகும்போது பல்லின் ஒரு முகம் சுமை தாங்கும், பின்னால் போகும்போது மறுமுகம். எந்த வண்டியும் ஆயுசுக்கும் முன்னால்தான் போகிறது. கொட்டகையிலிருந்து எடுக்கக் கொஞ்சம், முட்டுச் சந்தில் திரும்பக் கொஞ்சம் பின்னால் வரும், அவ்வளவுதான். அதனால் முன்முகம் தேய்ந்து பளபளக்கும், பின்முகம் புதுசாகவே கிடக்கும். இதில் எல்லாம் தலைகீழாக இருந்தது. முன்முகத்தில் தொழிற்சாலையில் வெட்டிய கோடுகள்கூட அழியவில்லை. பின்முகமோ, பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குத் தேய்ந்து மின்னியது.

பல்சக்கரத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் உட்கார்ந்து, விளக்குக்குக் கீழே இந்த மாதிரிப் பற்களைப் பார்த்துப் பார்த்தே இளமையைக் கழித்தவர் அவர். ஆந்தை என்ற பெயர் அங்கே வந்தது. ஒருநாள் பாதி ஷிப்டில் எழுந்து வெளியே நடந்தவர் திரும்பிப் போகவில்லை. பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது, தூக்கம் வரவில்லை. இரவுகளில் அவருக்கு எந்தப் பயமும் கிடையாது. இருட்டில் என்னென்ன இல்லை என்பதை நன்றாகத் தெரிந்துகொண்ட மனிதர். பகல்தான் பழகவில்லை. ஊரே சாப்பிட்டுப் படுத்துவிடும் மதியவேளையில், தகரக் கூரை சூட்டில் டிக் டிக்கென்று விரிகிறபோது, அவருக்குக் கழுத்துக்குப் பின்னால் என்னவோ செய்யும்.

"மாப்ளே, இங்க வாடா."

மனைவியின் தம்பி கையில் பாதி வாழைப்பழத்தோடு வந்தான். வண்டியின் ஒரு மூலையைத் தனியாளாகத் தூக்கிவிடுவான் என்பதால் அவன் வேலை பார்க்கும் பட்டறை வட்டாரத்தில் அவனுக்கு ஜாக்கி என்று பெயர். ஆந்தை காட்டிய இடத்தைப் பார்த்தான். பழத்தை மென்றான்.

"எவனோ ஒருத்தன் பின்னாடியே போய் வாழ்ந்து முடிச்சிருக்கான் மாமா."

"விளையாடாதடா. ஒரு வண்டி எவ்வளவு தூரம் ரிவர்ஸ்ல போனா இப்படித் தேயும்?"

"எவ்வளவு போனா நமக்கென்ன? முன்னாடி போற பக்கம் பாருங்க, பொறந்த குழந்தை மாதிரி இருக்கு. நமக்கு அதுதானே வேணும்? வலைவீசித் தேடினாலும் இப்படி ஒரு சாமான் கிடைக்காது."

அவன் சொன்னதில் தப்பில்லை. வேறு யாரிடம் காட்டியிருந்தாலும் அதைத் தூக்கிப் போடு என்று சொல்லியிருப்பார்கள். தொழில் தெரிந்த இரண்டு பேர் பார்த்ததால் அது அதிர்ஷ்டமாகத் தெரிந்தது.

அவர் காருக்கு ஐம்பது வயதுக்கு மேல். மாமனார் ஓட்டியது. பழைய ஆக்சில் ஊளையிட்டு ஊளையிட்டு, ஒருநாள் மேட்டில் ஏறும்போது பல்லை உதிர்த்துவிட்டு நின்றது. அதற்குச் சாமான் செய்கிறவன் உலகத்தில் இப்போது எவனும் இல்லை. அலைந்து திரிந்து, ஊருக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கடையில் இது அகப்பட்டது. கடைக்காரர் அதைச் சங்கிலி போட்டுத் தூணில் கட்டி வைத்திருந்தார்.

"இவ்வளவு கனத்தை எவன் திருடப்போறான்?" என்று ஜாக்கி கேட்டான்.

"திருட்டுக்கு இல்ல தம்பி. உருண்டுடுது." கடைக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார். தரை சமதளமாகத்தான் இருந்தது. "எடுத்துட்டுப் போங்க. எந்த வண்டியோடதுன்னு மட்டும் கேட்காதீங்க, எனக்குத் தெரியாது."

மூடியைத் திறக்குமுன், அடியில் இருந்த திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தபோதே இன்னொன்று இருந்தது. ஆக்சில் எண்ணெய்க்கென்று ஒரு நாற்றம் உண்டு, அழுகிய முட்டை மாதிரி, மூக்கைப் பிடுங்கும். இதில் வேறு வாடை வந்தது. வெயிலே படாத ஆழத்துத் தண்ணீர், பாசி, ஊறிய துணி. தட்டில் கறுப்பாக விழுந்த எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பிரியவில்லை. ஆந்தை விரலை வைத்துப் பார்த்தார். நிழலில் இரவெல்லாம் கிடந்த இரும்பிலிருந்து வந்த எண்ணெய், உடம்புச் சூட்டில் இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டார்.

வேலையை முடித்தாக வேண்டியிருந்தது. பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு நிறைமாதம். மருமகன் கப்பலில் இருந்தான், கரைக்கு வர நாளாகும். ஆந்தையின் வீடு மேட்டுத் தெருவின் கடைசி வீடு. தெரு செங்குத்தாக ஏறி, வீட்டையும் கொட்டகையையும் தாண்டி ஒரு கம்பி வேலியில் முடியும். வேலிக்கு அப்பால் கைவிடப்பட்ட கல்குவாரி, பாதிக்குமேல் தண்ணீர். மேலே வண்டி திருப்ப இடமில்லை. அதனால் அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் அடியிலிருந்தே ரிவர்ஸில் ஏறி, மூக்கைக் கீழ்நோக்கி நிறுத்துவார்கள், இறங்கும்போது நேராக இறங்கலாம் என்று. பழக்கமில்லாத வாடகை வண்டிக்காரன் எவனும் மேலே வரமாட்டான். ஆம்புலன்ஸ்கூட அடியிலேயே நின்றுகொண்டு ஆளை இறக்கிக்கொண்டு வா என்றுதான் சொல்லும்.

"எனக்குச் சக்களத்தி இல்லேன்னு எவ சொன்னா?" என்பாள் அவர் மனைவி, கொட்டகைப் பக்கம் வரும்போதெல்லாம். "அதோ நாலு சக்கரத்தோட நிக்கிறா. கழட்டறதும் மாட்டறதும், இவ ராஜ உபசாரத்துல என் இடுப்பு போச்சு."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். "அப்பா, வண்டி கிளம்புமா, இல்ல உங்க பேரன் வந்துதான் ஸ்பேனர் எடுத்துக் குடுக்கணுமா?"

"பேத்தியா இருந்தா?"

"அவ உங்களுக்கு வேலையே சொல்லிக்குடுப்பா."

பேரிங்குகளைப் புதுசாகப் போட்டார். எண்ணெய்க் கசிவுக்குப் புதுச் சீல். பல்லும் பல்லும் சரியான இடத்தில் கடிக்கிறதா என்று பார்க்க, பற்களின் இரண்டு முகத்திலும் சிவப்புச் சாயம் தடவினார். முன்பக்கமாகக் கையால் சுற்றினால், உரசிய இடத்தில் சாயம் அழிந்து தடம் விழும். விழுந்தது. பல்லின் நட்டநடுவில், பாதாம் பருப்பு வடிவத்தில், பாடப்புத்தகத்தில் போட்டது மாதிரி. பின்முகத்துச் சாயம் அப்படியே ஈரமாக இருந்தது. அதை அப்படியே ஸ்டாண்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது பின்முகத்தில் சாயமே இல்லை. ஒரு பல் விடாமல், வட்டம் முழுக்க, துடைத்தெடுத்ததுபோல் பளபளத்தது.

"நீ சுத்துனியாடா?"

"நான் எங்க சுத்தினேன்? உங்ககூட உக்காந்துதானே சாப்பிட்டேன்?" ஜாக்கி ஆக்சிலைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். "மாமா, நீங்க ராத்திரி தூங்கினீங்களா இல்லையா?"

தூங்கவில்லை. தூங்கி எத்தனையோ நாளாகிறது. தூங்காதவன் பார்த்த எதையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள், அவரே எடுத்துக்கொள்ளவில்லை. மூடியை வைத்து முடுக்கினார்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பழைய ஆக்சிலை இறக்கி இதை மாட்டி, பின்சக்கரங்களையும் போட்ட பிறகு, எப்போதும் செய்கிற ஒரு சோதனை பாக்கி. வண்டி கியரில் இருக்கும். பின்சக்கரங்கள் இரண்டும் தரையில் படாமல் தொங்கும். இடது சக்கரத்தை முன்னால் சுற்றினால் வலது சக்கரம் தானாகப் பின்னால் சுற்ற வேண்டும், தராசுத் தட்டு மாதிரி. ஆந்தை இடதுபுறம் குந்தி உட்கார்ந்து சுற்றினார். நன்றாகச் சுற்றியது. எண்ணெய் வழுவழுப்பில், சத்தமே இல்லாமல். இன்னும் கொஞ்சம் சுற்றினார்.

நின்றுவிட்டது.

எங்கோ தட்டி நிற்பது வேறு, இது வேறு. அந்தப் பக்கச் சக்கரத்தை யாரோ பிடித்துக்கொண்டால் எப்படி நிற்குமோ அப்படி, கொஞ்சம் கொடுத்து, பிறகு இறுகி நின்றது. ஜாக்கியோடு பலதடவை செய்த வேலை. ஒருத்தன் சுற்றுவான், ஒருத்தன் பிடிப்பான். கைக்கு அந்தப் பிடி தெரியும்.

"விடுறா மாப்ளே."

சக்கரம் அவர் உள்ளங்கையில் மெதுவாக அசைந்தது. பின்னால். அந்தப் பக்கச் சக்கரத்தை யாராவது முன்னால் தள்ளினால்தான் இந்தப் பக்கம் இப்படிப் பின்னால் வரும். அவசரமில்லாமல், குழந்தையின் கையிலிருந்து எதையோ வாங்குவதுபோல, அவர் கையிலிருந்து சக்கரத்தை வாங்கிக்கொண்டது.

"ஏய், விடுன்னு சொல்றேன்ல?"

"என்ன மாமா?" ஜாக்கியின் குரல் தெருவிலிருந்து வந்தது. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

ஆந்தை குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். வலது சக்கரம். அதற்குப் பின்னால் கொட்டகைச் சுவர். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடமில்லை. சிமெண்டுத் தரையில், சக்கரத்துக்கு நேர்கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

குழாய்த் தண்ணீராக இருக்கும். இவ்வளவு தூரம் தெறித்திருக்கும். இருக்கும்.

அன்று சாயங்காலமே வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். ஜாக்கி பக்கத்தில் உட்கார்ந்து டாஷ்போர்டில் தாளம் போட்டான். தெருவில் இறங்கும்போது வண்டி சொன்னபடி கேட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமில்லை. காலை எடுத்தால் மட்டும் பின்னாலிருந்து ஒன்று வந்தது. பழைய ஆக்சிலின் ஊளை இல்லை. மெல்லியதாக, நீளமாக, உள்ளே இழுக்கும் சத்தம். பின்சீட்டில் இருக்கிற ஒருவர் பேசுவதற்காக மூச்சை இழுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதுபோல. ஒவ்வொரு தடவை காலை எடுத்தபோதும்.

"கேக்குதாடா?"

"காலை எடுத்தா லேசா பாடுது. பின்பக்கப் பல்லு தேஞ்சிருக்கில்ல, பாடத்தான் செய்யும். நம்ம அக்கா பாடாததா?"

அடிவரை போய்விட்டு, வழக்கம்போல ரிவர்ஸ் போட்டு ஏறத் தொடங்கினார். அந்த மேட்டில் ரிவர்ஸில் ஏறுவதென்றால் என்ஜின் அலறும், கிளட்ச் கருகும், ஏறி முடிக்கும்போது சட்டை நனைந்திருக்கும். இப்போது வண்டி ஏறியது. சத்தமே இல்லாமல், வீட்டுக்குத் திரும்புகிற மாடு மாதிரி, வழி தெரிந்து ஏறியது.

"அடேங்கப்பா, வெண்ணெய் மாதிரி ஏறுது மாமா! கை கொடுங்க!"

ஆந்தை கை கொடுக்கவில்லை. அவருடைய வலதுகால் ஆக்சிலேட்டரில் இல்லை. மேட்டில் பாதி ஏறியதுமே எடுத்துவிட்டார். இரண்டு கால்களும் பிரேக்கில் இருந்தன. வீடு கடந்து போனது. கொட்டகை கடந்து போனது. வேலிக்கு ஒரு முழம் இருக்கும்போது, யோசித்துப் பார்த்துவிட்டு நிற்பதுபோல வண்டி நின்றது.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா குளிச்சிருப்போம்" என்றான் ஜாக்கி. சிரித்தான். அவரும் சிரித்து வைத்தார். வண்டியைக் கொட்டகை முன்னால் கொண்டுவந்து, மூக்கைக் கீழ்நோக்கி நிறுத்தி, முதல் கியரில் போட்டு, கைபிரேக்கை இழுத்தார். சரிவில் நிற்கிற வண்டிக்கு எப்போதும் வைப்பதுபோல முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு கல்லை முட்டக்கொடுத்தார். கை பழகிய வேலை. மேட்டுப் பக்கம் எவன் கல் வைப்பான்?

காலையில் கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது.

வெகுநேரம் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இன்னும் இரண்டு கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து பின்சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தார். துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி பார்த்துவிட்டாள்.

"மேட்டுப் பக்கம் எதுக்குங்க கல்லு? வண்டி மேல ஏறிடுமா?"

"சும்மா இருக்கட்டும்."

"தூங்குங்கன்னா தூங்கறதில்ல."

"இந்த ஆக்சிலைக் கழட்டிடப் போறேன்."

அவள் கையிலிருந்த துணியை உதறினாள். "மறுபடியுமா? புள்ளை இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. நல்லா ஓடுதுன்னு தம்பி சொல்றான். என்னதான் குறை அதுல?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பின்முகத்தில் சாயம் அழிந்ததை, சக்கரத்தைப் பிடித்த பிடியை, பிரேக்கை மிதித்தபடியே மேடு ஏறியதை. சொன்னால் சிரிப்பாள். அல்லது சிரிக்காமல் மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள். இரண்டையும் தாங்கிக்கொண்டு மேலும் பேச உடம்பில் தெம்பு வேண்டும். அது இல்லை.

"சாயங்காலம் தம்பி வரட்டும். சேர்ந்து இறக்கிடறோம்" என்று மட்டும் சொன்னார்.

மதியம் எல்லாம் அடங்கிப் போயிருந்தது. தெருவில் நாய்கூட இல்லை. தகரம் டிக் டிக்கென்றது. உள்ளேயிருந்து மகள் "அம்மா" என்று ஒருமுறை கூப்பிட்டாள். சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். இரண்டாவது முறை சாதாரணமாக இல்லை.

ஆந்தை ஜாக்கிக்குப் போன் செய்தார். "பட்டறை வேனை எடுத்துட்டு வா. அடியில நில்லு. நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டு வந்துடலாம்."

"நம்ம வண்டிதான் ரெடியா இருக்கே மாமா?"

"அதுல வேணாம். சொன்னதைச் செய்."

மனைவியிடம் "அவளைக் கெட்டியா பிடிச்சிட்டு இங்கயே இரு, வேன் வருது" என்று சொல்லிவிட்டு, தெருவின் வளைவுவரை இறங்கிப் போனார். அங்கிருந்து பார்த்தால்தான் அடி தெரியும். வெயிலில் வெறும் சாலை. வேன் இன்னும் வரவில்லை. வண்டிச் சாவி சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் மேலே கார்க் கதவு மூடும் சத்தம் கேட்டது.

ஓடினார். அந்த மேட்டில், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

மகள் பின்சீட்டில் இருந்தாள். மனைவி கொட்டகை ஓரத்தில் நின்று கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். கல் நான்கும் சுவரோரமாக வரிசையாகக் கிடந்தன.

"அவளால நிக்க முடியலைங்க. வேனுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கறது? கல்லையெல்லாம் எடுத்துட்டேன், நீங்க ஏறி எடுங்க. தலையணையை மறந்துட்டேன், இதோ வந்துடறேன்." உள்ளே போனாள்.

வண்டி நகர்ந்தது.

சாவி அவர் பையில். என்ஜின் ஓடவில்லை. கியர் போட்டது போட்டபடி. கைபிரேக் இழுத்தது இழுத்தபடி. பின்சக்கரங்கள் சுற்றின. பிரேக் கட்டைகள் உள்ளே கிறீச்சிட்டன, கருகின, சக்கரங்கள் சுற்றின. நடக்கிற வேகம். மேட்டில். பின்னால்.

"இறங்கு! கண்ணு, கதவைத் திற, இறங்கு!"

மகள் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலி வந்த நேரம். கதவுப் பிடியை எட்டினார், அது கையைவிட்டு நழுவியது. முன்னால் ஓடி பம்பரைப் பிடித்தார். குதிகாலைத் தரையில் ஊன்றி இழுத்தார். செருப்பு அறுந்தது. வெறுங்காலில் இழுத்தார். தோல் உரிந்தது. வண்டிக்கு அது தெரியவே இல்லை.

மனைவி தலையணையோடு வெளியே வந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முன் பம்பரில் இரண்டு கையையும் வைத்துக் குனிந்திருக்கிற மனிதர் மட்டும் தெரிந்தார்.

"என்னங்க பண்றீங்க? ஏன் பின்னாடி தள்ளறீங்க?"

"தள்ளலடி! இழுக்கறேன்!"

"ஐயோ, தள்ளாதீங்க! உள்ள புள்ளை இருக்கா! விடுங்க!"

ஓடிவந்தாள். அவர் சட்டையைப் பிடித்தாள். அவரைப் பிய்த்தெடுக்கப் பார்த்தாள். வேலிக் கம்பி ஒன்று அறுந்தது. தம்பூரா மாதிரி ஒலித்தது. இன்னொன்று. பின்சக்கரங்கள் விளிம்பைத் தாண்டின. வண்டியின் வயிறு கல்லில் உட்கார்ந்தது.

நின்றது.

பின்சக்கரங்கள் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. பிடிக்கத் தரையில்லை. தரையில்லாத சக்கரம் எதையும் இழுக்காது. ஆந்தைக்கு அது தெரியும், வேறு எதுவும் தெரியாவிட்டாலும் அது தெரியும். மூச்சு வந்தது. "கண்ணு, அசையாதே. அப்பா வரேன். அசையாம இரு." கீழே தெருவில் ஹார்ன் கேட்டது. ஜாக்கி. அவன் ஒரு மூலையைத் தனியாளாகத் தூக்கிவிடுவான்.

சக்கரங்கள் நின்றன.

இரண்டும் ஒரே நேரத்தில். கொஞ்சம் கொடுத்து, பிறகு இறுகி. அவர் உள்ளங்கைக்குத் தெரிந்த பிடி. பம்பர் வழியாக அது அவர் கைக்கு வந்து சேர்ந்தது. கூடவே வாடை வந்தது. பாசி. ஊறிய துணி.

வண்டியின் மூக்கு மெல்ல மேலே எழும்பியது. அவர் கைகள் விடவில்லை. மனைவி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, விடுங்க, விடுங்க என்று கத்தினாள். அவர் கால்கள் தரையைவிட்டு எழுந்தன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் தெரிந்தாள். வலி விட்டிருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. தன் பக்கத்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கூட்டமான வண்டியில் செய்வதுபோல, வயிற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

சீட்டு அமுங்கியது.